மஜீட் கண்ணை மூடிய நாள்

கொழும்பு மாளிகாவத்தை மாடிவீடுகளில் மஜீடைத் தெரியாதவர்கள் இல்லை. அவருக்குக் காது கேளாது என்பதுதான் பலருக்குத் தெரியாது. இராணுவத்தில் லொறி ஓட்டியவர். தொண்ணூற்றெட்டில் முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. இவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை; இரண்டு காதுகளும்தான் அடிபட்டன. காயங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று வீதம் போடும் மருத்துவச் சபை, இருபது வீத இயலாமை என்று எழுதியது.

அந்த இருபதுக்கு மஜீடே பொறுப்பு. காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இவரோ கண்ணாடிக்கு அப்பால் கருவியைத் திருகியவரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசைந்ததும் அழுத்தினார். உள்ளதைச் சொன்னால் வேலை போய்விடுமே என்ற பயம். மகள் ஷஸ்னா அப்போது கைக்குழந்தை. பிறகு உதட்டைப் பார்த்தே தமிழும் சிங்களமும் சமாளித்தார். பழகப் பழக, காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று அவரே நம்பிவிட்டார்.

ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து மறுபரிசோதனைக்குக் கடிதம் வந்தது. வீதம் கூடினால் ஓய்வூதியம் கூடும், காதுக் கருவியும் கிடைக்கும். இதற்குப் பிறகு இன்னொரு பரிசோதனை இல்லை.

மனைவி ருக்கியா முன்னால் வந்து நின்றாள். "இந்த முற கண்ண மூடிட்டு இரிங்க."

"அது பொய்தானே?"

"கண்ண மூடுறதும் பொய்யா?"

மஜீட் அல்லாஹ்வுக்குப் பயந்தவர். பஸ்ஸிலேயே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: மூன்று சத்தத்தில் இரண்டுக்கு அழுத்துவது, ஒன்றை விட்டுவிடுவது. அது பெரிய பாவமாக இருக்காது.

பரிசோதிக்க வந்த மேனுகா என்ற பெண் ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மஜீட் கண்ணை இறுக மூடினார். விட்டுவிடுவதற்கு முதலில் ஒரு சத்தம் வரவேண்டுமே. வரவில்லை. கருவி பழுதாயிருக்கும் என்று பொறுமையாக இருந்தார். கடைசியில் தோளில் ஒரு கை பட்டது. கண்ணைத் திறந்தார். முடிந்துவிட்டது என்று மேனுகாவின் உதடுகள் சிங்களத்தில் சொல்லின. இருபது நிமிடமாகச் சத்தம் கொடுத்தாளாம்.

சபை எழுபது வீதம் என்று எழுதியது. ஒரு பொய்யும் சொல்லாமல் கிடைத்த எழுபது. மஜீடுக்குச் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ருக்கியா குசினியிலிருந்து ஓடிவந்து முன்னால் நின்றாள். "என்ன செல்றாங்க?"

"நீ ஏன் எப்பவும் முன்னுக்கு வந்து நிண்டு கதைக்கிற?" என்று கேட்டார் மஜீட்.

"பின்னுக்கு நிண்டும் கூப்பிட்டுப் பாத்தன்," என்றாள் ருக்கியா. "ஷஸ்னா நடக்கத் தொடங்க முந்தியே அத விட்டுட்டன்."