மாலதி கிணற்றில் விழுந்த வாரம்

முனிலட்சுமி எட்டாம் வகுப்பில் தேறிய செய்தி வந்தபோது அவள் அப்பா வெங்கடப்பன், கோவிந்தப்பனுடைய மல்பெரித் தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் அவரை வரப்புக்கு அழைத்தார். கிருஷ்ணகிரியில் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போடலாம், தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே கொடுப்பார்கள் என்றார். வெங்கடப்பன் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மனுவை வாத்தியாரே எழுதிப் போட்டார். மறு வாரம் அவருக்கு ஊத்தங்கரைப் பக்கம் மாற்றலாகிவிட்டது.

ஆனி மாதம் கடிதம் வந்தது. இடம் கிடைத்திருந்தது. ஜூலை மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமைக்குள் சேர வேண்டும். தகப்பன் உடன் வந்து கைநாட்டு வைக்க வேண்டும்.

வெங்கடப்பன் கெட்டவர் அல்ல. மகள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஆனால் மத்திகிரியைத் தாண்டி ஒரு பெண்ணைப் படிக்க அனுப்பினால் அவள் என்ன ஆவாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆளில்லை. எங்கள் ஊரிலிருந்து அப்படி யாரும் போனதில்லை. அவருக்குத் தெரிந்து ஊரைவிட்டுப் படிக்கப் போனவள் ஒருத்திதான். அவள் பெயர் மாலதி. அவள் இருந்தது வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையில்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓசூர் பஸ்ஸில் பத்திரிகை வரும். டீக்கடைக்கு முன்னால் மிஷின் போட்டிருந்த தையற்காரர் ராமப்பன் அதை உரக்கப் படிப்பார். கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் கன்னடம்தான் வீட்டுப் பேச்சு, மற்றவர்களில் பலருக்குத் தெலுங்கு. அதனால் ராமப்பன் தமிழில் நாலு வரி படித்துவிட்டு, தலையை நிமிர்த்தி, அதையே மற்ற இரண்டிலும் சொல்லுவார். சொல்லும்போது கதையில் இருக்கும் பட்டணம் பெங்களூராகிவிடும். கடற்கரை ஓசூர் ஏரியாகிவிடும். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. தெரியாத ஊரில் நடந்த கதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாலதி ஏழை வீட்டுப் பெண். அப்பன் பேச்சை மீறிப் பயிற்சிப் பள்ளிக்குப் போனவள். பதிமூன்று வாரமாக அவளுக்குக் கஷ்டத்துக்குமேல் கஷ்டம் வந்துகொண்டிருந்தது. ஜூன் முப்பதாம் தேதி கதை முடிவதாகப் போட்டிருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் பொறு. அந்தப் பொண்ணு கதி என்னாவுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் வெங்கடப்பன்.

"அப்பா, அது கதை."

"கதைன்னு எனக்குத் தெரியாதா? எழுதுறவன் எங்கியோ பாக்காமயா எழுதுவான்?"

முனிலட்சுமி சேலையை மடித்துப் பையில் வைத்தாள்.

சனிக்கிழமை டீக்கடையில் நிற்க இடமில்லை. வெங்கடப்பன் தூணருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரர் கரியப்பன் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னப்பா வெங்கடப்பா, சம்பந்தி வீட்டுச் சேதி கேக்க வந்தாப்பல ஒக்காந்திருக்க?"

"அவம் பொண்ணும் எட்டாவது, மாலதியும் எட்டாவது. கேக்க மாட்டானா?" என்றார் ராமப்பன்.

அவர் படித்தார். நிமிர்ந்து சொன்னார். கடைசிப் பக்கம் வந்ததும் கொஞ்ச நேரம் கண்ணாலேயே படித்துவிட்டு, பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டார். மாலதி மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள், ஏமாற்றியவன் வரவில்லை, அவள் கிணற்றில் விழுந்தாள் என்று மூன்று பாஷையிலும் சொன்னார். கரியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

வெங்கடப்பன் ஒன்றே ஒன்று கேட்டார். "கெணறு ஊர்லயா, அந்தப் பள்ளிக்கூடத்துலயா?"

ராமப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயே" என்றார்.

வெங்கடப்பன் வீட்டுக்கு வந்து, பையிலிருந்த சேலையை எடுத்துக் கொடியில் போட்டார்.

மறுநாள் முனிலட்சுமி ராமப்பனிடம் போய்ப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி, மிஷின் பக்கத்தில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள். அதில் மாலதி சாகவில்லை. முழுகாமல் இருக்கவும் இல்லை. பயிற்சியை முடித்து, சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வேலைக்கு வருகிறாள். அவள் அப்பன் பஸ்ஸுக்கு எதிரே வந்து நிற்கிறான்.

"ராமண்ணா, இவ சாவலியே."

"சாவல."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

ராமப்பன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினார். "பதினாலு வாரம் ஒக்காந்து கேட்டவங்க. மாலதி வேலைக்கு வந்தா, அப்பன் நின்னான்னு முடிச்சா வாயில வைக்க முடியுமா? நேத்து கரியப்பன் அழுதான், தெரியுமா? சொந்தப் புள்ளையப் பொதைச்சப்பகூட அழாத ஆளு."

"எங்கப்பாகிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லுங்கண்ணா. செவ்வாக்கிழம நான் போயாவணும்."

"சொன்னா இத்தனை வருசமா நான் படிச்சதெல்லாம் புளுகுன்னு ஆயிரும். நீயே போயிப் படிச்சுக் காட்டு. உனக்குத்தான் எழுத்துத் தெரியுமே."

படித்துக் காட்டினாள். வெங்கடப்பன் கடைசிவரை கேட்டார்.

"நீ போவணும்னு இருக்கிறவ. உனக்கு வேணுங்கிற மாதிரிதான் படிப்ப. ராமப்பனுக்கு மாத்திச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

"வேற யார்கிட்டயாச்சும் குடுத்துக் கேளுங்கப்பா."

வாத்தியார் ஊரில் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்று மிஞ்சியது கோவிந்தப்பனின் மனைவி சரோஜம்மாள் மட்டும்தான். திங்கட்கிழமை காலை இருவரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வெங்கடப்பன் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் பத்திரிகையைப் படியில் வைத்தார். சரோஜம்மாள் எடுத்து, நின்றபடியே முழுவதும் படித்தார். ஓரிடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. முடித்ததும் முனிலட்சுமியைப் பார்த்தார். அவள் கைகளையும் பார்த்தார்.

"பாவம். கெணத்துலதான் விழுந்திருக்கா" என்றார்.

"அம்மா, கடைசிப் பக்கம் பாருங்க. மாலதி வேலைக்கு வராளுன்னுதான்..."

வெங்கடப்பன் அவள் வாயில் அறைந்தார். உதடு கிழிந்தது. "அம்மாவையே பொய்க்காரின்றியா?"

"விடு வெங்கடா, சின்னப் பொண்ணு" என்றார் சரோஜம்மாள். "பட்டுப்புழு நாலாந் தூக்கம் முடிஞ்சு எந்திரிச்சிருக்கு, ராப்பகலா தின்னுது. இலை பறிக்க ஆள் பத்தல. இவ சும்மாதானே இருக்கா, அனுப்பி வை."

செவ்வாய்க்கிழமை காலை கிருஷ்ணகிரி பஸ் புறப்பட்ட நேரத்தில் முனிலட்சுமி மல்பெரித் தோட்டத்தில் இருந்தாள். உப்பு வியர்வை உதட்டுக் காயத்தில் பட்டு எரிந்தது. அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை. பயிற்சிப் பள்ளிக்குப் பின்னால் கிணறு உண்டா இல்லையா என்று அவள் கடைசிவரை பார்க்கவில்லை.

டீக்கடையில் மட்டும் கதை முடியவில்லை. மாலதி முழுகாமல் இருந்தாள் என்ற பேச்சு, முனிலட்சுமி ஏன் போகவில்லை என்ற பேச்சோடு கலந்தது. அது கதை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ஆனேக்கல்லிலிருந்து முனிலட்சுமியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் பாதி வழியில் அத்திப்பள்ளியோடு திரும்பிப் போனார்கள்.

மூன்று வருடம் அவள் சரோஜம்மாள் வீட்டுப் பட்டுப்புழுக் கொட்டகையில் வேலை செய்தாள். பிற்பகலில் பெண்கள் புழுத் தட்டுகளைச் சுத்தம் செய்யும்போது பத்திரிகையைப் படிக்கச் சொல்லி அவளிடம் கொடுப்பது வழக்கமாயிற்று. சரோஜம்மாள் காலையிலேயே படித்து முடித்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து மறுபடியும் கேட்பார்.

ஒரு வாரம் வந்த கதையில் ஒரு பெண் சேலத்துக்கு நர்ஸ் படிக்கப் போயிருந்தாள். அச்சில் அவள் படிப்பு முடிந்து ஊருக்கு வந்து, விரும்பியவனையே கட்டிக்கொண்டாள். முனிலட்சுமி பக்கத்தைத் திருப்பினாள். குரல் மாறாமல், அந்தப் பெண் அரளி விதையை அரைத்துக் குடித்தாள் என்று படித்தாள். வாயில் நுரை தள்ளியதையும் சேர்த்துப் படித்தாள்.

தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த சாந்தம்மா கையை நிறுத்தினாள். அவள் மகள் கெம்பம்மா அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தாள்.

"அப்படியேவா போட்டிருக்கு, முனி?"

"அப்படியேதான் போட்டிருக்கு, அக்கா. வேணும்னா அம்மாவைக் கேளு."

சாந்தம்மா திரும்பிச் சரோஜம்மாளைப் பார்த்தாள். முனிலட்சுமியும் பார்த்தாள். சரோஜம்மாள் முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஆமா, அப்படித்தான் இருக்கு" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை, பள்ளிக்கூட நேரத்தில், கெம்பம்மா கூடையோடு தாயின் பின்னால் வந்து கொட்டகை வாசலில் நின்றாள். முனிலட்சுமி தட்டு வரிசையில் கொஞ்சம் தள்ளி நின்று, அவளுக்கு இடம் விட்டாள்.