இரண்டு பதிப்பும் ஒத்துப்போன நாள்

ஆஸ்பத்திரியின் ஆய்வுப் பிரிவில் அவளுக்குத் தசமம் என்று பெயர். லிஃப்ட் எப்போது சரியாகும் என்று யாராவது சலித்துக்கொண்டால், போன தடவை சரியாக எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

படிவங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலைக்குத்தான் முதலில் வந்தாள். ஒருவர் எண்ணைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் திரையில் விரல் வைத்துச் சரிபார்ப்பது அந்த அறையின் வழக்கம். புள்ளியியலை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மென்பொருளோடு வரும் உதவிப் பக்கங்களை ஒவ்வொரு வரியாகப் படித்து, தப்புத்தப்பாகச் செய்து, அழித்து, திரும்பச் செய்து கற்றுக்கொண்டாள். செய்த ஒவ்வொரு கணக்குக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, கோப்பின் பெயர், வரிசைகளின் எண்ணிக்கை, இயந்திரத்துக்குக் கொடுத்த விதை எண் எல்லாவற்றையும் எழுதிவைப்பாள். மென்பொருளின் பதிப்பை மட்டும் எழுதியதில்லை. எந்தப் பேனாவால் எழுதினோம் என்று யாராவது எழுதிவைப்பார்களா?

ஒன்பது வருடங்களுக்கு முன் பிரிவுத் தலைவரான டாக்டர் அவளிடம் ஒரு கோப்பைக் கொடுத்தார். குறைமாதத்தில் பிறந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் குழந்தைகளின் விவரம் அதில் இருந்தது. அவர்களில் பாதிப் பேரின் வீட்டுக்கு நர்ஸ் போய் ஆறு வாரம் பார்த்து வந்தார். அந்தக் குழந்தைகள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்ததா என்பதுதான் கேள்வி. முன்னூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்குப் பிறப்பு எடை பதிவாகவே இல்லை. அந்த மாதிரி இடங்களில் இயந்திரம் பகடை உருட்டுவதுபோல, பொருத்தமான எடைகளைத் தானே போட்டு நிரப்பும். விதை எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால் பகடை ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் விழும். ஐந்து முறை நிரப்பிச் சேர்த்துப் பார்த்தால் போதும் என்று உதவிப் பக்கம் சொன்னது. அப்படியே செய்தாள். பார்க்க வேண்டிய கடைசி எண் 0.99 என்று வந்தது. அது ஒன்றுக்குக் கீழே நின்றால் பலன் உண்டு என்று எழுதலாம். ஒன்றைத் தாண்டினால் எழுத முடியாது.

அந்த எண்ணை நம்பி வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் திட்டம் தொடங்கி, பதினொரு நர்ஸுகள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, அதில் ஓர் இடம் காலியானபோது அவளுடைய தங்கையும் சேர்ந்தாள்.

இந்த வருடம் சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆதாரமான முடிவை மென்பொருளின் தற்போதைய பதிப்பில் திரும்பச் செய்து காட்ட வேண்டும். அதே முடிவு வந்தால்தான் திட்டம் தொடரும்.

அதே கோப்பு, அதே விதை எண். வந்தது 1.03.

கம்ப்யூட்டர் பிரிவு ஆளைக் கூப்பிட்டாள். எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்து வைத்திருந்ததால் அவனுக்கு ரீஸ்டார்ட் என்று பெயர்.

"அக்கா, ஒரு தடவை ஆஃப் பண்ணி..."

"பண்ணிட்டேன். மூணு தடவை. பழைய பதிப்பு எங்கயாவது கிடைக்குமா?"

"எந்தப் பதிப்புன்னு எழுதி வெச்சிருப்பீங்களே? நீங்க எழுதாததும் உண்டா?"

அவள் நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஒன்பது நாள் தேடினார்கள். அந்தக் காலத்து இயந்திரம் எப்போதோ கழித்துக்கட்டப்பட்டிருந்தது. கோப்பின் தேதியை வைத்து, அப்போது புழக்கத்தில் இருந்திருக்கக்கூடிய நான்கு பதிப்புகளை ரீஸ்டார்ட் தன் சொந்த லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் போட்டான். மூன்றாவதில் 0.99 வந்தது. கடைசித் தசமம் வரை அதேதான்.

"வந்துருச்சுக்கா!" என்று மேசையைத் தட்டினான். "நடுவுல ஒரு பதிப்புல பகடை உருட்டுற முறையையே மாத்தியிருக்காங்க. உங்க மேல தப்பே இல்ல. இதை எழுதி அனுப்புங்க, டாக்டர் பேசிக்குவாரு."

அவளும் எழுதத்தான் உட்கார்ந்தாள். முதல் வரியையும் எழுதிவிட்டாள். ஆனால் அவள் குணம் அவளைச் சும்மா விடவில்லை. பகடை மாறினால் முடிவும் மாறுகிறது என்றால், அந்த 0.99 குழந்தைகள் சொன்னதா, பகடை சொன்னதா? பழைய பதிப்பிலேயே விதை எண்ணில் ஒன்றைக் கூட்டி ஓட்டினாள். 1.02 வந்தது. இன்னும் ஒன்று கூட்டினாள். 1.00.

"அக்கா, இதை யாரும் உங்ககிட்ட கேக்கல."

"கேக்கலதான்."

ஐந்து முறைக்குப் பதிலாக இருநூறு முறை நிரப்பச் சொன்னாள். அத்தனை தடவை உருட்டினால் எந்த ஒரு பகடைக்கும் தனிப் பேச்சு இருக்காது. பழைய பதிப்பு மதியம் வரை ஓடி 1.01 என்றது. புதிய பதிப்பு இருபதே நிமிடத்தில் 1.01 என்றது. விதையை மாற்றினாலும் இரண்டும் அதையே சொன்னன. இத்தனை நாள் அவள் தேடிய ஒற்றுமை அதுதான்.

டாக்டர் தாளை வாங்கிப் படித்தார். "முதல்ல வந்த 0.99-ஐ மட்டும் அனுப்பினா?"

"நீங்க அனுப்பலாம் சார். என் கையெழுத்து இதுக்குக் கீழதான் இருக்கும்."

அவர் வாதம் செய்யாமல் 1.01-ஐயே அனுப்பினார். துறையிலிருந்து நான்கே வரியில் பதில் வந்தது. மாத முடிவோடு திட்டம் நிறுத்தம்.

மறுநாள் காலை தங்கை ஆய்வுப் பிரிவுக்கு வந்தாள். தோளில் எடை பார்க்கும் கருவி தொங்கியது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான் போறதால பலனே இல்லைன்னு எழுதிட்டியாமே?"

"அப்படி எழுதலடி. பலன் இருக்குன்னு இந்த விவரத்தை வெச்சு சொல்ல முடியலைன்னு எழுதினேன்."

"படிக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"போன மாசம் ஒரு வீட்டுல குழந்தை மூச்சு விடுறதே சரியில்லை. நான்தான் தூக்கிட்டு ஓடி வந்தேன். அது உன் கணக்குல எங்க இருக்கு?"

அந்தக் குழந்தை மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தை. தசமம் செய்த கணக்கில் அந்த மாதிரிக் குழந்தை திட்டத்துக்கு எதிரான பக்கத்தில் சேரும். ஒன்பது வருடங்களாக இது அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. கேள்வியையே அப்படித்தான் கேட்டிருந்தார்கள். இனி வேறு மாதிரி கேட்பதற்கு விவரம் இல்லை, சேகரிக்க ஆளும் இருக்கப்போவதில்லை. அதைத் தங்கையிடம் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டாள்.



"இன்னைக்கு எத்தனை வீடு?"

"நாலு. இன்னும் பத்தொன்பது நாள் இருக்குல்ல" என்று சொல்லி, கருவியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு தங்கை படியிறங்கிப் போனாள்.