காற்று திரும்பிய நாள்

மகள் தந்த காதல் நாவலில் நாயகி விரல் உயர்த்திக் காற்றை ஏவுகிறாள். இருள் தெய்வம் அவளுக்காக ஏங்குகிறது. நாற்பதாம் பக்கத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எண்ணூரில் எதிர்வீட்டு செல்வி அக்கா எச்சில் விரலைத் தூக்கி, "பொகக்கூண்டு காத்து வருது, துணிய எடுங்கடி" என்றால், அனல்மின் நிலையச் சாம்பல் விழுமுன் தெருவே கொடிக்கு ஓடும். பன்னிரண்டு வயதில் அவள்மேல் எனக்கு ரகசியக் காதல்.

அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, காயப்போட்ட ஒரே நல்ல புடவைக்கு என்னைக் காவல் வைத்தாள். காற்று திரும்பியது. இருள் தெய்வமாக நான் செய்த ஒரே காரியம், வாயைத் திறக்காததுதான். புடவையெல்லாம் சாம்பல். ஆனாலும் கல்யாணம் நடந்தது.

இன்று போனில் ஒப்புக்கொண்டேன். அக்கா சிரித்தாள்.

"எனக்கே அந்தக் கல்யாணம் வேணாம்னு இருந்துச்சு. காத்து திரும்பும், நீ கத்தமாட்டேன்னு தெரிஞ்சுதான்டா உன்ன நிக்க வெச்சேன். இந்த மனுசன் சாம்பலோடவே புடிச்சிகீதுன்னுட்டாரு, இன்னா பண்றது?"