மூன்று அர்ஜுனாவுக்கு ஒரு கிலோமீட்டர்

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் பெயர் டெக்லன். நான் குடியேறிய முதல் வாரம், முகத்தில் தூறல் வழிய வாசலில் நின்று, "சாஃப்ட் டே" என்றார். மென்மையான நாள்; தூறல் நாளை அங்கே அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. என் ஜலதோஷத்தைப் பற்றிக் கேட்கிறார்போலும் என நினைத்து, "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று சொன்னேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்து, "இரண்டே நாளிலா!" என்று வியந்துகொண்டே போனார். அங்கே மழை நாளெல்லாம் பெய்யும். ஆனால் சத்தம் போடாது. பத்து வருடத்தில் நான் இடி கேட்டது நான்கைந்து முறை இருக்கும். அதுவும் மாடியில் யாரோ மேசையை நகர்த்துவதுபோல.

அதில் எனக்கு இருந்த நிம்மதியை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஊர் வடக்கனந்தல். எங்கள் நிலத்து வீட்டிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. மலைமேல் கறுத்தால் கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைமேல் இடிக்கும். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, பக்கத்து நிலத்தில் மரத்தடியில் கட்டியிருந்த இரண்டு எருதுகள் மின்னல் தாக்கிச் செத்தன. தூங்குவதுபோலக் கிடந்தன. அன்று உள்ளே போன பயம் வெளியே வரவேயில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ ரத்தத்தைப் பார்த்துப் பழகிய நர்ஸ் நான். இடி என்றால் மட்டும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

போன ஆகஸ்டு விடுமுறையில், ஏழு வயது மகள் மதுராவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வானம் வெடித்தது. அண்ணன் பிள்ளைகள், ஒன்பது வயது கனியும் ஆறு வயது தருணும், இடிக்குப் பயந்தால் எங்கள் பக்கம் சொல்வதுபோல "அர்ஜுனா, அர்ஜுனா" என்று கத்திக்கொண்டே கட்டிலுக்கடியில் புகுந்தார்கள். அலறிக்கொண்டு என்னைத் தேடி வந்த மதுராவும் அங்கேதான் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. நானும் கட்டிலுக்கடியில்தான் இருந்தேன்.

"அத்தே, நீ பெரிய ஆளுதானே? இன்னாத்துக்கு இப்டி நடுங்கினு கீற?" என்றாள் கனி.

"அம்மா, மேல யாருக்குக் கோவம்?" என்று கேட்டாள் மதுரா. அன்று எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமில்லை.

மறுநாள் காலை, நிலத்தின் அந்தக் கோடியில் அண்ணன் சம்மட்டியால் வேலிக்கு இரும்புக் கம்பம் அடித்துக்கொண்டிருந்தார். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தருண் திடீரென்று கத்தினான். "அத்தே, அப்பா அடிக்கறது மொதல்ல தெரிது, சத்தம் லேட்டா வருது பாரு!" பார்த்தோம். சம்மட்டி கம்பத்தில் இறங்கியது. மறுபடி மேலே தூக்கப்போகும்போதுதான் 'டங்' என்று கேட்டது. எப்போதோ பள்ளியில் படித்து மறந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் நடந்து வருகிற ஆள்மாதிரி. ஒரு கிலோமீட்டர் கடக்க அதற்கு மூன்று வினாடி ஆகும் என்றேன். மின்னல் காற்றைச் சட்டென்று பயங்கரமாகச் சூடாக்குகிறது, சூடான காற்று ஒரேயடியாக விரிகிறது, அந்த அதிர்ச்சிதான் இடி என்றேன். நம்பாமல் பார்த்தார்கள். பொரி வாங்கிய காகிதப் பையை ஊதி, கையால் ஓங்கி அடித்து உடைத்துக் காட்டினேன். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு காகிதப் பைகூட மிஞ்சவில்லை.

மின்னலிலிருந்து இடிவரை வினாடிகளை எண்ணினால் இடி எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். ஆனால் நாடி பார்க்க நான் வைத்திருக்கும் கைக்கடிகாரம் ஒன்றுதான், எண்ண வேண்டியவர்கள் மூன்று பேர். கனி வழி கண்டுபிடித்தாள். "ஒரு அர்ஜுனா, ரெண்டு அர்ஜுனா" என்று நிதானமாகச் சொன்னால் ஒன்றுக்கு ஒரு வினாடி சரியாக வருகிறது என்று என் கடிகாரத்தை வைத்தே நிரூபித்தாள். அடுத்த மழைக்குக் கட்டிலடி காலியாக இருந்தது. மூவரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எண்ணினார்கள். "இருவத்திநாலு அர்ஜுனா! எட்டு கிலோமீட்டரு! மலமேலதான் கீது!" ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். மின்னல் நிஜமாகவே ஆபத்துதான், முப்பது அர்ஜுனாவுக்குள் இடி கேட்டால் வெளியே நிற்கக் கூடாது, மரத்தடியில் நிற்கவே கூடாது.

கார்க் திரும்புவதற்கு முந்தின வாரம், மக்காச்சோளத்தில் நான்கு பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கே கறுத்தது. முதல் எண்ணிக்கை முப்பத்தாறு. அடுத்தது இருபத்தேழு. தூறல் விழவும் பெண்கள் களைக்கொத்தோடு வரப்பு வேப்பமரத்தடியில் போய் ஒதுங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மதுரா வெளியே ஓடிவிட்டாள்.

அந்த வெட்டவெளியைப் பார்த்ததும் என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அடுத்த மின்னலில் அவளுடைய மஞ்சள் கவுன் தெரிந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. மரத்தடிக்குப் போனபோது அவள் தனக்குத் தெரிந்த தமிழில், "இங்க நிக்காதீங்க! போங்க, போங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் மூத்தவரான அஞ்சலை பதறிப்போனார்.

"தோ காட்ல எறங்கிடறோம் பாப்பா. தூறல் வுட்டதும் போயிடறோம்."

வேலையை நிறுத்தியதற்காக விரட்டுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்! "ஐயோ, காட்டுக்கு இல்லிங்க, வூட்டுக்கு! ஓடி வாங்க, இடி வுழும்!" என்று அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசற்படி வரை ஓடி வந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். பல வருடமாக எங்கள் நிலத்தில் வேலை செய்பவர்கள், அந்தப் படியைத் தாண்டியதில்லை. எங்கள் வீட்டில் யாரும் தாண்டச் சொன்னதுமில்லை. "வூட்டுக்குள்ளயா?" என்று அஞ்சலை என்னைக் கேட்கவில்லை, என் அண்ணி செல்வியைப் பார்த்துக் கேட்டார். அண்ணி படியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து கனி கத்தினாள். "ஆறு அர்ஜுனாம்மா! ரெண்டே கிலோமீட்டரு!"

"உள்ள வாங்க, இன்னா பாத்துகினு நிக்கிறீங்க!" என்று அண்ணி நான்கு பேரையும் ஏறக்குறைய தள்ளிக்கொண்டே வந்தார்.

அடுத்த மின்னலுக்கு யாராலும் ஒரு அர்ஜுனாகூடச் சொல்ல முடியவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. வேப்பமரத்துக்கு நாலு எட்டுத் தள்ளி நின்ற பனையின் உச்சி மழையிலும் புகைந்தது. நான் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்பதும், அஞ்சலையின் கையை இன்னும் விடவில்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணி துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் டீ வந்தது. அஞ்சலை மதுராவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "அது இன்னா கணக்கு கண்ணு, எங்களுக்கும் சொல்லு" என்றார். கனியும் தருணும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, வானம் லேசாக உறுமியபோது காட்டிலிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது. "இருவது அர்ஜுனாடி, கெளம்புங்க!" சிரித்துக்கொண்டே நான்கு பேரும் வீட்டைப் பார்த்து வந்தார்கள். இந்தமுறை படியில் யாரும் நிற்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கார்க்கில் எங்களுக்கு மதியம், அங்கே சாயங்காலம். வீடியோவில் பேசிக்கொண்டிருந்த கனி, போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். திரை வெள்ளையாக மின்னியது. மதுரா சமையலறை மேசையில் கையூன்றி எண்ணத் தொடங்கினாள். ஆறாவதில் இடி கேட்டது. "அம்மா, ரெண்டு கிலோமீட்டர். ரொம்பப் பக்கத்துல" என்றாள். பிறகு நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த எங்கள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.