பாட்டில் மேல் நான் போட்ட கோடுகள்

லகாட் ஊருக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. டைட்டானியத் தூளை மெல்லிசாகப் பரப்பி, லேசரால் அடுக்கடுக்காக உருக்கி, உடைந்த எலும்புக்கு வைக்கும் தகடுகளைச் செய்கிறோம். உருகாமல் மிஞ்சும் தூளைச் சலித்து மறுபடி பாட்டிலில் நிரப்பிவிடுவோம். ஒவ்வொரு தடவைக்கும் பாட்டில் மேல் மார்க்கரால் ஒரு கோடு. கண்ணுக்குப் பழசும் புதுசும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் தூள் கொஞ்சம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ரொம்பப் பழசானால் தகடு வளைந்து கொடுக்காது, படக்கென்று முறியும்.

கோடு போடுவது அக்காவின் வேலை. கூடப் பிறந்தவள் இல்லை. சலிக்கும் மேசையில் பல வருடம் எனக்கு எதிரே நின்றவள். மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆயுத பூஜையன்று, "நீங்க பூஜையைப் பாருங்க லா, நான் போய்ப் பொரி வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பினாள்.

இயந்திரத்தைத் துடைத்த கையோடு, ஸ்பிரிட் நனைத்த அதே துணியால் தூள் பாட்டிலையும் பளபளவென்று துடைத்துச் சந்தனம் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், கோடு ஒன்றுகூட இல்லை. அக்கா வந்ததும் சொல்லித் தொலைத்திருக்கலாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஞாபகத்தில் இருந்தபடி நானே நாலு கோடு இழுத்து வைத்தேன்.

அடுத்த வாரம், தகடுகளோடு சேர்த்துச் செய்த சோதனைக் கம்பியை இழுத்துப் பார்த்தார்கள். கொஞ்சமும் நீளாமல் முறிந்தது. நாலே கோடு போட்ட தூள் அப்படி முறியாது. அத்தனை தகடும் குப்பைக்குப் போனது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு மூன்று நாள் விசாரித்தார். அந்த மூன்று நாளும் அவள் எதிரிலேயே நின்று சலித்தேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் அவளை நிறுத்திவிட்டார்கள்.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அக்கா கிளம்பினாள். அழுதுகொண்டே அவள் மோட்டார் சைக்கிள் வரை போனேன்.

"என் கோடு எப்பவும் சாஞ்சுதான் இருக்கும், உனக்குத் தெரியும்ல?" என்றாள். "அந்தப் பாட்டில்ல எல்லாம் நேரா இருந்துச்சு."

"அப்ப ஏங்க்கா நீங்க சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன் லா."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜர் அக்காவின் மார்க்கரை என்னிடம் நீட்டினார். இனிமேல் கோடு போடுவது என் வேலையாம். அப்போதும் நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.