ஒரு சாண் நீளக் குழாய்

அந்த இரண்டு பிளாஸ்டிக் குழாய்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவள், என்னோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தோழி. ஒன்று மற்றதைவிட ஒரு சாண் நீளம். வெட்டி மாட்டியது நான்தான். பார்த்தவுடனே என் இரண்டு வருட உழைப்பு போய்விட்டது என்று புரிந்தது. புரிந்ததாலேயே அவள்மேல் எரிச்சல் பொங்கியது.

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலேறி சிதம்பரத்து ஆய்வகத்துக்குப் போய்வந்த காலம் அது. அவள் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள். வயல் வரப்பில் பிடித்த வெட்டுக்கிளிகளை டப்பாவில் கொண்டுவருவாள். ஒரு வாசனையை மூளை எப்படி இனம் காண்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. எந்தெந்தச் செல்கள் துடிக்கின்றன என்பதை மட்டும் பார்க்கிறதா, எது முந்தியது, எது பிந்தியது என்பதையும் பார்க்கிறதா? பூச்சியின் மூளையில் மயிரிழைக் கம்பியைச் செருகி, ஒரு குழாய் வழியாகக் கிராம்பு வாசனையையும் மற்றதில் புல் வாசனையையும் ஊதுவோம். செல்கள் துடிக்கும் வரிசை, கண்ணிமைப்பதற்குள் முடிந்துபோகிற அந்த வரிசை, என் பதிவுகளில் வாசனைக்கு வாசனை அவ்வளவு அழகாக மாறியது. வழிகாட்டியான மேடம் கருத்தரங்குக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

“நீளக் குழாய்ல லேட்டா வருது, அவ்ளோதான? அந்த நேரத்தக் கழிச்சிட்டா போச்சு” என்றேன்.

“லேட்டா மட்டும் வரலடி. வழியெல்லாம் ஒட்டிக்கிட்டு, பரவிப்போயி, கொஞ்சம் கொஞ்சமா வருது. நீ பாத்தது மூளையோட வேலையா, குழாயோட வேலையான்னு எப்படிச் சொல்லுவ?”

“கருத்தரங்கு முடியட்டும். அப்புறமா மேடம்கிட்ட சொல்லிக்கலாம்.”

“நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

நானே சொன்னேன். மேடம் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “பேர வாபஸ் வாங்கிடுவோம்மா” என்றார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அன்றோடு தோழியிடம் பேசுவதை நிறுத்தினேன். அவளோ எப்போதும்போல வெட்டுக்கிளி டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

சம நீளக் குழாய்களோடு மறுபடி ஆரம்பித்தேன். கரண்ட் போகும், கம்பி நகரும், பூச்சி செத்துப்போகும். நாட்கணக்கில் உட்கார்ந்தால் ஒரு நல்ல பதிவு தேறும். மூன்று வெட்டுக்கிளிகளில் வரிசை மாறியது. முன்பைவிடச் சின்ன மாற்றம், ஆனால் மாற்றம்தான். நான்காவது கிடைப்பதற்குள் அடைமழை பிடித்து வரப்புகள் மூழ்கின. என் ஆராய்ச்சிக் காலமும் முடிந்தது. மூன்றை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. அவள் பட்டம் வாங்கினாள். நான் கடலூரில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். ஏன் பாதியில் விட்டாய் என்று கேட்பவர்களிடம் கல்யாணத்தைக் காரணம் சொல்கிறேன்; அவர்களும் உடனே நம்பிவிடுகிறார்கள்.

போன மாதம் சிதம்பரம் ரயில் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இப்போது அவளும் மேடம் மாதிரி ஒரு ஆய்வகம் நடத்துகிறாள். பிள்ளைகள், வீடு என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். என் ரயில் வந்து நின்றபோதுதான் சொன்னாள்:

“எங்க லேப் பசங்க நெறைய பூச்சில பாத்துட்டாங்க. வரிசை மாறத்தான் செய்யுது. உன்னோட அந்த மூணும் நெஜம்தான்டி.”

“தெரியும்” என்றேன். “அதான் கடுப்பு.”