ஜெபசீலி அக்கா சொல்லிவிட்டுப் போனவை

மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வேன்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே நாகம்மாள் மெஸ். மூன்றே மேசைகள். சுவரோர மேசையில் மதியம் ஒன்றே கால் மணிக்கு அருள்ஜோசப் அண்ணன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் எழுந்து போன அதே நாற்காலியில், ஒரு மணி நேரம் கழித்து அவர் மனைவி ஜெபசீலி அக்கா வந்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். பல வருஷமாக அப்படித்தான்.

நான் கல்லாவி ஊர்க்காரன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வால்வு செய்யும் கம்பெனியில் தரச் சோதனை வேலை. அண்ணன் அங்கே லேத் ஆபரேட்டர். இருவருக்கும் செகண்ட் ஷிப்டு, ஒரே வேன். அதனால் அடுத்த மேசை எனக்கு. "இன்ஜினியர் சாருக்கு ரசம் ஊத்தட்டுமா, இல்ல மெயில் போட்டுக் கேக்கணுமா?" என்பார் நாகம்மாள்.

அக்காவுக்குச் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் முதல் ஷிப்டு. மகள் லிபியா சின்னவளாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஷிப்டுகள் அவை. லிபியா கல்யாணமாகிச் சேலம் போன பிறகும் மாறவில்லை. அண்ணன் வரும்போது அக்கா தூங்குவார். அக்கா கிளம்பும்போது அண்ணன் தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேர்ந்து போவார்கள். ஓவர்டைம் வந்தால் அதுவும் போச்சு.

வேலை நேரத்தில் போன் லாக்கரில். ஆகவே சேதியெல்லாம் நாகம்மாள் வழியாகத்தான். கேஸ் தீர்ந்துவிட்டது, மாடியில் துணி காய்கிறது, எல்லாமே. லிபியா முழுகாமல் இருக்கிறாள் என்பதைக்கூட அண்ணன் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபடிதான் கேட்டார். அன்று மெஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் கணக்கில் ஆம்லெட்.

போன தவக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, எங்கள் வேன் கிளம்பிய சற்று நேரத்தில் அக்காவின் கம்பெனி பஸ் வந்து நின்றிருக்கிறது. அக்கா மட்டும் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டியிருக்கிறார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அண்ணன் மறுபடி மெஸ்ஸுக்கு வந்தார். நாகம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினார். கேலிப் பேச்செல்லாம் நின்றுபோயிற்று. கேட்காமலே பொரியல் மேல் பொரியல் வைத்தார். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணா, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இங்கதான் உக்காந்து சொன்னா. நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்குதுக்கா, அவருகிட்ட சொல்லிறாத, வேலைக்குப் போகாம உக்காந்துக்குவாருன்னு. நானும் சொல்லாம இருந்துட்டேன்."

அண்ணன் பாதிச் சோற்றோடு இலையை மடித்தார். கை கழுவினார். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான்கு நாள் மெஸ் பக்கம் வரவில்லை. லேத் பக்கத்திலேயே நின்று பன்னைத் தின்றார்.

ஐந்தாம் நாள் வந்தார். அவர் தலையைப் பார்த்ததும் நாகம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டார். அவர் கணவர் பொன்னுசாமிதான் இலை போட்டார். அண்ணன் இலையைத் தொடவில்லை, நாகம்மாவை வரச் சொல் என்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் வந்து நின்றார். கெட்ட வார்த்தையே வரும் என்று நான் நினைத்தேன். நாகம்மாளும் அதற்குத் தயாராகத்தான் நின்றார்.

"வேற என்னம்மா சொன்னா?"

நாகம்மாளுக்குப் புரியவில்லை.

"எங்கிட்ட சொல்லாம விட்டது வேற எதாச்சும் இருக்குதா? சின்னதா இருந்தாலும் சரி."

நாகம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினார். "நீலச் சட்ட போட்டா உங்களுக்கு நல்லா இருக்குதுன்னா. அத நான் எப்படிங்கண்ணா உங்ககிட்ட சொல்லுவேன்?"

அண்ணன் சோற்றில் கை வைத்தார்.

அதன் பிறகு தினமும் அக்கா சொன்னதில் ஒன்று. வறுத்த மீன் என்றால் வாலை அண்ணனுக்கே விட்டுவைக்கச் சொன்னது. அவர் குறட்டையைக் கேட்டால்தான் பயமில்லாமல் பஸ்ஸுக்குப் போக முடிகிறது என்றது. லிபியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தால் அண்ணனுடைய அப்பா பெயரை வைக்க விடமாட்டேன் என்றது. அன்று அண்ணன் சிரித்தேவிட்டார். "நீங்க சாப்புடுறதப் பாத்தே எத்தன வருசமாச்சு, எப்படிச் சாப்புடுவீங்கன்னே மறந்துபோச்சுன்னா," என்று நாகம்மாள் சொன்ன அன்று மட்டும் ரசம் வாங்காமல் குழம்போடு எழுந்துவிட்டார்.

போன வாரம் நாகம்மாள் ரசத்தோடு வந்து சும்மா நின்றார். புதிதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு முறை மறைத்தவருக்கு அது முடியவில்லை போலும்.

"அவ்ளோதாங்கண்ணா. இதுக்கு மேல அவ எதுவும் சொல்லல."

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் சோற்றில் குழி பறித்து, ரசத்துக்காகக் காத்திருந்தார்.

"சரி. நாளைக்கு மொதல்ல இருந்து சொல்லு," என்றார். "கேஸ் தீந்துருச்சுன்னு சொன்னாள்ல, அதுல இருந்து."